அட்டைப்படத்தில் இல்லாத துணி

பெண்கள் எதை உடுத்தலாம், எதைத் தொடவே கூடாது என்று இருபது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். என் பத்திரிகை அட்டையில் ரவிக்கைக் கை முழங்கைவரை இறங்கினால், அடுத்த மாதமே தையற்கடைகளில் “அந்த அட்டைப்படக் கையா?” என்று கேட்பார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன். பணிவு எனக்கு வராது.

பேட்டிகளில் சொந்த ஊரைக் கேட்டால் குன்னூர் என்பேன். கேட்டவர்கள் உடனே கான்வென்ட், பங்களா, ரோஜாத் தோட்டம் என்று தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை. அம்மா சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவள், முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள், நான் எஸ்டேட்டின் ஒற்றை அறை லைன் வீட்டில் வளர்ந்தவள் என்பதெல்லாம் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பொய் சொல்லவில்லை, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

போன வருடம் ஆண்டு மலர் வேலை தொடங்கியபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு, இந்த மலர் எடுபடவில்லையென்றால் அச்சை நிறுத்திவிட்டு இணையத்தோடு நின்றுகொள்ளலாம் என்றார். இணையத்துக்கு நான் தேவையில்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தில் புத்தி சொந்த ஊருக்குத்தான் ஓடியது. தேயிலைக்கு நடுவே பட்டுப்புடவை என்று முடிவு செய்தேன்.

குன்னூரைத் தாண்டி ஒரு தனியார் தோட்டத்தில் அனுமதி வாங்கினோம். மாடலாக வந்தவள் கோயம்புத்தூர்ப் பெண், அவளுக்கு இது முதல் அட்டைப்படம். வண்டியில் வரும்போதே மூன்று முறை, “நல்லா வந்துருமுங்களா மேடம்?” என்று கேட்டுவிட்டாள். காலையிலிருந்தே மூடுபனி. தோட்டத்துச் சூப்பர்வைசர் மேல் பக்கத் தேயிலைக் காட்டைக் காட்டி, அங்கே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஃபேக்டரிக்குப் போய்விட்டார். புகைப்படக்காரருக்கு மேல் காடு பிடிக்கவில்லை. கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, பள்ளத்தாக்கு தெரிகிற சரிவு ஒன்று இருக்கிறது, பனி விலகினால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றார். எல்லோரும் இறங்கினோம்.

அந்தச் சரிவின் ஓரத்தில் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதன் அர்த்தம் அங்கே பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். பூச்சிமருந்து அடித்த காடு, துணியை எடுக்கிறவரை யாரும் இறங்கக் கூடாது. பள்ளிக்கூடம் போகும் வழியில் அதைக் கண்டால் நான் எத்தனையோ நாள் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

“மேடம், அந்தத் துணி ஃபிரேம்ல வருது” என்றார் புகைப்படக்காரர். மற்றவர்கள் கையில் விளக்கும் குடையும் இருந்தன. நான்தான் பக்கத்தில் நின்றேன். துணியை அவிழ்த்துச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

அதன்பிறகுதான் காரணம் தேட ஆரம்பித்தேன். மருந்தடித்துப் பல நாள் ஆகியிருக்கும், மழையில் கழுவிப் போயிருக்கும், துணியை எடுக்க மறந்திருப்பார்கள், பத்தே நிமிடம்தானே என்று வரிசையாக எனக்குள் சொல்லிக்கொண்டேன். வேறு இடம் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் என் பூர்வீகத்தை விசாரித்திருக்க மாட்டார்கள். வெளிச்சம் போய்விடுமே என்ற பயம்தான் வாயை அடைத்தது.

பனி விலகியது. அவள் கன்னத்தில் வெயில் விழுந்தது. “ஒரு தளிரைக் கிள்ளிப் பல்லுல கடிச்சுக்கம்மா” என்றார் புகைப்படக்காரர். அது எங்கள் திட்டத்திலேயே இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கேமரா ஓடத் தொடங்கிவிட்டது, படம் அவ்வளவு அழகாக இருந்தது.

“கசக்குதுங்க மேடம்” என்று அவள் சிரித்தாள். புகைப்படக்காரர் இன்னொரு தளிர் கேட்டார். பிறகு இன்னொன்று.

கீழ்ப்பாதையிலிருந்து கொழுந்துக் கூடையோடு ஏறி வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்ததும் நின்றாள். “யாரு அது? மேல ஏறுங்க முதல்ல. நேத்து மருந்தடிச்ச மலை இது.”

“போர்டு ஒண்ணும் இல்லையே” என்றார் புகைப்படக்காரர்.

“போர்டு எதுக்கு? செவப்புத் துணி கட்டியிருந்துச்சே.”

மாடல் பெண் இலையைத் துப்பினாள். துப்பிவிட்டு, எனக்காகத்தான் பேசினாள். “மேடம்தானுங்க அதை எடுத்தாங்க. அவங்க சென்னைங்க, பாவம், அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

கூடையோடு நின்ற பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் குனிந்து பார்த்தேன். செடிக்குள் இறங்கும்போது என் சால்வையை இடுப்பைச் சுற்றி இறுக்கி, இடது பக்கம் முடிச்சுப் போட்டிருக்கிறேன். கிளை கிழிக்காமல் இருக்கக் கொழுந்து பறிப்பவர்கள் சேலைமேல் படங்கு என்ற முரட்டுத் துணியைக் கட்டுவது அப்படித்தான். எப்போது கட்டினேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

“படங்கு கட்டத் தெரிஞ்ச புள்ளைக்கு அந்தத் துணி தெரியாதா?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து மாடல் பெண்ணை வாய் கொப்பளிக்க வைத்தாள். சூப்பர்வைசருக்கு போன் போட்டு மருந்தின் பெயரைக் கேட்டு, புகைப்படக்காரரை எழுதிக்கொள்ளச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

குன்னூர் வந்து சேர்வதற்குள் மாடல் பெண்ணுக்கு உதடு வீங்கிவிட்டது, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, செய்தியில் வந்துவிடுமோ, என் வேலை என்ன ஆகும் என்று மாறி மாறிப் பயந்தேன். எந்தப் பயம் முதலில் வந்தது என்று இன்றுவரை நான் எண்ணிப் பார்க்கத் துணியவில்லை. சாயங்காலம் டாக்டர் வந்து, ஆபத்தில்லை, ஒரு நாள் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார்.

உள்ளே போனேன். மேக்கப்பெல்லாம் துடைத்து, பள்ளிக்கூடப் பெண்போலப் படுத்திருந்தாள்.

“மேடம், துணியை எடுக்கறப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“நான் மூணாவது இலையைக் கடிக்கறப்பவுமுங்களா?”

“ஆமாம்.”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, “அந்தப் படத்தை மட்டும் போடாதீங்க மேடம்” என்றாள். போட மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் அதைத்தான் அட்டையில் போட்டேன். மலர் எடுபட்டது, அச்சு நிற்கவில்லை, நான் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறேன். அவள் இரண்டு முறை போன் செய்தாள். இரண்டு முறையும் மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.