போக்ஸ் கம்பி ஸ்வெட்டர்

புதுப் பேட்டர்ன் புத்தகத்தைப் பார்த்து மகள் தொப்பி பின்னுகிறாள். கம்பளி நூலின் வாசம் மூக்கில் ஏறியதும் நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளையாகிவிடுகிறேன்.

அப்போது என் சித்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஊட்டியில் வேலை. கல்யாணமாகி அங்கே போனதும் போட்டுக்கொள்ள, மதுரையில் வாங்கிய புத்தகத்தின் அட்டையில் ஒரு வெள்ளைக்காரி அணிந்திருந்த தொளதொள ஸ்வெட்டரையே பின்னத் தொடங்கினாள் சித்தி. சங்கரன்கோவிலில் அன்றைக்குப் பின்னல் ஊசி ஏது? சைக்கிள் கடையில் சக்கரத்துக்குப் போடும் போக்ஸ் கம்பி இரண்டு வாங்கி, முனையைக் கல்லில் தேய்த்துக்கொண்டாள். புத்தகம் சொன்ன கண்ணிகளில் ஒன்றைக்கூட விடவில்லை. ஆனால் புத்தகத்து ஊசி சுண்டுவிரல் தடிமன் என்பதைக் கவனிக்கவில்லை. மெல்லிய கம்பியில் கண்ணிகள் நெருங்கிக்கொண்டன. முடிந்த ஸ்வெட்டருக்குள் சித்தியின் தலையே நுழையவில்லை. எனக்கோ அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"ஏட்டி, பேசாம ஊட்டிக்கு நீயே போயிரு! நான் இங்கன கெடக்கேன்," என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள் சித்தி.

கல்யாணம் முடிந்து அவளைப் பஸ் ஏற்றிவிட, கொளுத்துகிற வெயிலில் அதை மாட்டிக்கொண்டுதான் போனேன். பஸ் ஸ்டாண்டே புதுப்பெண்ணை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

"அம்மா, தொப்பி எனக்குப் பெருசாப் போச்சு," என்கிறாள் மகள்.

"கொண்டா இங்கன," என்று வாங்கி மாட்டிக்கொள்கிறேன். உச்சி வெயில் நேரம். நெற்றியில் வேர்வை வழிகிறது.

"கழத்துங்கம்மா!"

"மாட்டேன், போடி!"