இரண்டு மூடை நெல்

சுபைறாவின் வாய்க்குச் சாய்ந்தமருதில் பயப்படாதவர் இல்லை. கணவன் கடலோடு போன பிறகு இடியப்பம் அவித்து விற்று மூன்று பெண் பிள்ளைகளைக் கரைசேர்த்தவள். அந்த வாயும் இல்லாவிட்டால் ஊர் அவளை என்றோ விழுங்கியிருக்கும்.

பெரும்போக அறுவடை முடிந்தால் பெரிய வயற்காரரான நூஹு போடியார் விளைச்சலில் ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டிய ஸகாத்து நெல்லில் இரண்டு மூடை அவளுக்கு வரும். அரை வருஷம் அவள் அடுப்பு எரிவது அந்த நெல்லில்தான். இந்த முறை வெட்டு மெசின் வயலை விட்டுப் போய் இரண்டு கிழமையாகியும் மூடை வரவில்லை. வெறும் சாக்குகளோடு போடியாரின் வாசலுக்கே போனாள்.

"ஸகாத்தா? எல்லாத்தையும் உணவு வங்கிக்குக் குடுத்திட்டன் புள்ள. இனி அங்க போய் எடு," என்றார் அவர், பல்லைக் குத்திக்கொண்டே.

உணவு வங்கி அரசாங்கக் காசில் புதிதாகத் திறந்தது. உள்ளூர் நெல்லை வாங்கிக் குற்றி இல்லாதவர்களுக்கு அரிசியாகக் கொடுக்கிறார்கள். அங்கே பதிவு எழுதும் நஜ்லாவிடம், போடியார் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டாள்.

"குடுத்ததா? நூறு மூடை எங்களுக்கு வித்தவர், ராத்தா. அடுத்த நாளே அவருக்குக் காசும் போயிட்டு."

சுபைறாவுக்கு உச்சந்தலை கொதித்தது. ஏழையின் பங்கை விற்றுத் தின்றுவிட்டு, கொடுத்தேன் என்று சொல்ல என்ன நெஞ்சழுத்தம்!

வியாழக்கிழமை அரிசி பங்கீடு. 'கொடைவள்ளல் நூஹு ஹாஜியார்' என்று தானே அடித்த பெனருக்குக் கீழே, வெள்ளை ஜுப்பாவில் போடியார் நின்று பார்சல் நீட்டினார். சுபைறாவின் முறை வந்தது.

"சிரி புள்ள, போட்டோ எடுக்காங்க."

"இது கவர்மெண்டுட அரிசி, வாங்கிறன். இதுட நன்மையும் கவர்மெண்டுக்குத்தான். உங்கட ஸகாத்து எங்க, காக்கா?"

"குடுத்திட்டன் எண்டனே! அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"ஓம், அவனுக்குத் தெரியும். நீங்க வித்தது இந்த நஜ்லாவுக்கும் தெரியும்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போடியாரின் முகம் கறுத்துவிட்டது.

"பிச்சைக்காரிட வாயைப் பாரு!"

"பிச்சை இல்ல. என்ட ஹக்கு, என்ட உரிமை. நாளைக்கு வருவன்."

சொன்னபடி மறுநாள் போனாள். உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. சுபைறா தட்டவும் இல்லை, கத்தவும் இல்லை. இரண்டு வெறும் சாக்குகளையும் வாசல் படலைக்கு முன்னால் விரித்துப் போட்டு, அவற்றின் மேலே உட்கார்ந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குப் போகும் ஊர் முழுவதும் அந்த வழியால்தான் போக வேண்டும்.