பேசியவர் அடியில்

கணவனின் வீட்டை விட்டு வெளியேறிய பிறகுதான் அவள் குடிநீர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் சேர்ந்தாள். அந்த வீட்டை ஆண்டவர் கணவனின் அக்கா; இவளுக்கு அண்ணி முறை. இவள் வாய் திறந்தாலே, "பேசாம இரு, உன் முறை வரும்" என்று அடக்கிவிடுவார். முறை வந்ததே இல்லை. அந்த அண்ணியை ஒரு தடவையேனும் வாயடைக்க வைக்க வேண்டும் என்ற வெறி அவளுக்குள் ஆறாமல் கிடந்தது.

குழாய் உடைப்புப் புகார்களில் திரையின் மேலே இருப்பதைத்தான் பழுதுபார்ப்பவர்கள் முதலில் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மென்பொருள் பழையது. இன்டெக்ஸ் என்னும் வரிசைக் குறிப்புகளில் எதன் வழியாகப் படிக்கச் சொல்கிறோமோ, அந்த வரிசையிலேயே பதிவுகள் வரும். அதுவரை புகார் தேதியின் இன்டெக்ஸே வரிசையைத் தீர்மானித்து வந்தது.

ஒரு காலை அண்ணியின் முகவரி திரையில் தோன்றியது. படுக்கையறைச் சுவரில் கசிவு.

அவள் புகாரை அழிக்கவில்லை. 'கடைசியாகப் பேசிய நேரம்' என்ற கட்டத்துக்குப் புதிய இன்டெக்ஸ் ஒன்றை அமைத்து, பட்டியலை அதன் வழியாகப் படிக்க வைத்தாள். பேசி நெடுநாள் ஆனவர் மேலே. சற்றுமுன் பேசியவர் அடியில். ஒவ்வோர் அழைப்பும் அந்த நேரத்தைப் புதுப்பிக்கும். அண்ணியால் அரை நாள்கூடச் சும்மா இருக்க முடியாது என்பதை அவளைவிட அறிந்தவர் யார்?

தொலைபேசியை எடுக்கும் பெண்ணிடம் அண்ணி நாள்தோறும் சீறினார். நாள்தோறும் பட்டியலின் அடிக்குப் போனார். அடிக்கடி அழைத்த வேறு சிலரும் கூடவே மூழ்கினார்கள். அதற்காக அவள் வருந்தவில்லை.

"ஏம்மா, லிஸ்ட் மாறியிருக்கே?" என்றார் கண்காணிப்பாளர்.

"ரொம்ப நாளா பேசாம காத்திருக்கறவங்க முதல்ல, சார்."

"நியாயம்தான்" என்று போய்விட்டார்.

கடைசியில் அண்ணி நேரிலேயே வந்தார்.

"ஓ, நீ உக்காந்திருக்கியா? அதானே பாத்தேன். என் புகாரை எங்க அமுக்கி வெச்சிருக்க?"

"அமுக்கல அண்ணி. பாருங்க." திரையைத் திருப்பினாள். தொண்டை கட்டியதால் இரண்டு நாளாக அழைக்காத அண்ணியின் பெயர் பட்டியலில் பாதிவரை ஏறியிருந்தது.

"மெத்தை வரைக்கும் ஊறிப்போச்சு. கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்."

"கத்தறதாலதான் கீழ போகுது. இப்ப வந்து பேசினதையும் நான் பதியணும்." அவள் விரல் விசைமேல் நின்றது. "பேசாம இருங்க அண்ணி, உங்க முறை வரும்."

அண்ணி வாயைத் திறந்தார். விரலைப் பார்த்தார். மூடிக்கொண்டார். படியிறங்கினார்.

வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து, அவள் விசையை அழுத்தினாள். பெயர் அடிக்குப் போனது.