நான் கழித்துப் போட்ட உருண்டை

1. கிளி

பணியில் சேர்ந்த முதல் நாளே ஒரு கிளியை ரிஜெக்ட் செய்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகள் செய்யும் யூனிட் ஒன்றில் தரப் பரிசோதகர் வேலை. செராமிக் பொறியியலில் முதுகலைப் பட்டமும், சட்டைப் பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் என்னிடம் இருந்தன. கிளியின் காலில் முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல் இருக்க வேண்டும். அந்த மோல்டில் முன்னால் மூன்று இருந்தன.

“சார், கிளி வாங்கறவங்க கால் வெரலயா எண்ணிப் பாக்கப் போறாங்க?” என்றார் மோல்டிங் மேஸ்திரி அந்தோணிசாமி.

“காக்கான்னு சொல்லி வித்தா இது சரி. நீங்க கிளின்னுதானே விக்கிறீங்க?”

மோல்டை மாற்றினோம். விரல் திருந்தியதால் ஒரு கிளிகூட அதிகமாக விற்கவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் நானும் திருந்தவில்லை.

2. உருண்டை

உள்ளதை உள்ளபடி காட்டுவதே கலை என்பது என் கட்சி. என் மனைவி வேதவல்லி எதிர்க்கட்சி. ஒருமுறை புதுச்சேரியில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். வெறும் நிறங்கள் மட்டுமே படர்ந்திருந்த ஒரு படத்தின் முன் அவள் நெடுநேரம் நின்றாள். நான் அருகில் சென்று, பீங்கானின் மேல்பூச்சைச் சோதிப்பவனைப் போல நோயைக் கண்டறிந்து சொன்னேன்: “கிளேஸ் வழிஞ்சிருக்குது.”

“எதப் பாத்தாலும் ஒங்களுக்கு டிபெக்டுதான். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் எப்புடிங்க பாஸ் போட்டீங்க?”

அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் படத்தின் சட்டகம் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன்.

எங்கள் யூனிட்டில் ஆயுத பூஜையன்று குடும்பத்தினரும் வருவார்கள். ஆளுக்கொரு பிடி களிமண் தரப்படும். விரும்பியதைச் செய்து வைத்துவிட்டுப் போகலாம். தேறியவை அடுத்த உலையில் வேகும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு வேதவல்லி ஓர் உருண்டையைச் செய்து என் மேசையில் வைத்தாள்.

“என்ன இது? கொழுக்கட்டையா?”

“ஒண்ணும் இல்லீங்க. கையில எடுத்துப் பாருங்க.”

நான் எடுக்கவில்லை; ஸ்கேலால் புரட்டினேன். உள்ளே குடைவே இல்லை, மண் கெட்டி. உலையில் வெடித்து, பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். காரணம் சரியானதுதான். ஆயினும் அதைவிட வேகமாக என் ரசனை தீர்ப்பு எழுதிவிட்டது. பச்சை மண்ணின் அடியில், ரிஜெக்ட் என்பதற்கு அடையாளமாக, ஊசியால் ‘ஆர்’ என்று கீறினேன். அப்படிக் கீறியவை திரும்பவும் கரைக்கும் தொட்டிக்குப் போய்விடும்.

“கொழுக்கட்டையாவே இருந்திருந்தா தின்னுட்டாவது போயிருப்பீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் பொரியை எடுத்துக்கொண்டு போனாள்.

3. உருவம்

சென்ற ஆண்டு வேதவல்லி காலமானாள். அதைப் பற்றி இங்கு எழுத வேறொன்றும் இல்லை.

முதலாண்டு நினைவு நாளுக்கு அவளுடைய மார்பளவு உருவம் ஒன்று வேண்டுமென்று அந்தோணிசாமியிடம் கேட்டேன். மூன்று புகைப்படங்களும் அளவுகளும் கொடுத்தேன். மூக்குத்தி இடம் மாறியிருந்ததால் முதல் உருவத்தைக் கழித்தேன். மோவாயின் மச்சத்துக்காக இரண்டாவதைக் கழித்தேன். மூன்றாவதை லென்ஸ் வைத்துச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை.

“சரியா இருக்குதுங்களா?”

“சரியாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் சார் தொட மாட்டேங்கறீங்க?”

எல்லாம் அவளைப் போலவே இருந்தது. அவள் மட்டும் அங்கே இல்லை.

அந்தோணிசாமி உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். “தொட்டியில போட மனசு வரல. அடியில கொடஞ்சு, ரெண்டு மாசம் நெழல்ல காய வச்சு வேவ வச்சேன். கேட்டா கத்துவீங்கன்னு சொல்லல.”

உருண்டையின் அடியில், குடைந்த துளையை ஒட்டி, என் ‘ஆர்’ தெளிவாக இருந்தது. இம்முறை கையில் எடுத்தேன். ஒரு பக்கம் நான்கு பள்ளங்கள், மறுபக்கம் ஒன்று. அவள் ஒன்றையும் வனையவில்லை. மண்ணைப் பிடித்திருந்தாள், அவ்வளவே. விரல்களை எண்ணுவதே பிழைப்பாக இருந்தவன், அந்த ஐந்தையும் எண்ணத் தவறியிருந்தேன்.

பள்ளங்களில் என் விரல்கள் பொருந்தவில்லை. அவள் கை சிறியது. காய்ந்தும் வெந்தும் மண் சுருங்கும். ஆகவே இது அவள் கையினும் சற்றுச் சிறியது. அளவு தவறு என்று கழிப்பதற்கு வழக்கம்போல் ஒரு காரணம் இருந்தது. கழிக்கவில்லை.

இன்றும் அருவ ஓவியங்கள் எனக்குப் புரிவதில்லை. கிளி பொம்மையைக் கண்டால் காலைத்தான் முதலில் பார்க்கிறேன். இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே: ஊசியை எடுப்பதற்கு முன் பொருளைக் கையில் எடுங்கள்.

நினைவு நாளன்று குறையில்லாத உருவம் அலமாரியில் இருந்தது. வேதவல்லியின் படத்தின் முன் உருண்டையை வைத்திருந்தேன். சென்னையிலிருந்து வந்த மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா இது?”

“ஒண்ணும் இல்லம்மா. கையில எடுத்துப் பாரு.”

அவள் எடுத்தாள். அவள் விரல்கள் பொருந்தின.