கொதிக்கும்போது நல்லவன்

தளதளவென்று கொதிக்கும் திரவம் சட்டென்று அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? குளிரக்கா ஆயிரம் தடவை பார்த்திருப்பார். இன்றும் கண்ணாடிக் குடுவையில் ஒரு கண்ணை வைத்தபடி கையை உயர்த்துகிறார். "யாரும் மூச்சு விடாதீங்க!" மூச்சுக்கும் குடுவையிலுள்ள திரவ ஹீலியத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கும் தெரியும். "இல்லேன்னா சாருங்க பேசிக்கிட்டே இருப்பாங்க. அதுக்குத்தான்."

பதினெட்டு வருடமாக இந்தத் தாழ்வெப்ப ஆய்வகத்தின் ஒப்பந்த ஊழியர்; குளிரோடேயே வேலை என்பதால் குளிரக்கா. பம்பு ஆவியை உறிஞ்ச உறிஞ்ச ஹீலியம் குளிர்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று எழுபத்தொரு டிகிரியில் குமிழிகள் ஒரே நொடியில் மறைகின்றன. வெப்பம் ஓரிடத்தில் தங்கினால்தானே குமிழி? உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மமாகிவிட்ட ஹீலியத்தில் அது தங்குவதேயில்லை, மேற்பரப்புக்கு ஓடிவிடுகிறது. "அடங்கிட்டான்" என்பார் அக்கா, முரட்டுப் பிள்ளையைத் தூங்கவைத்தவர்போல.

போன மாதம், மெல்லிய குழாயில் இந்தத் திரவம் கடத்தும் வெப்பத்தை அளந்தார்கள். நாளுக்கொரு கணக்கு வந்தது. பேராசிரியர் அலுத்துப்போனார்.

"இந்தக் கருவிக்கு நேரமே சரியில்ல."

"நேரம் நல்லாத்தான் சார் இருக்கு. குழாயைப் பத்தவச்ச இடம்தான் சரியில்ல."

"கசிவே இல்லைன்னு சோதிச்சாச்சேம்மா?"

"கொதிக்கிறப்ப அவன் நல்லவன் சார். அடங்கினப்புறம்தான் திருடன். காத்து போகாத ஓட்டையிலயும் பூந்துடுவான்."

ஆதாரம் அக்காவின் நோட்டில் இருந்தது: பதினோரு முறையும், குமிழி அடங்கிய நாலாவது நிமிடம் குழாயைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை அளக்கும் மானியின் முள், ஏதோ கசிந்ததுபோல ஏறியிருக்கிறது. பற்றவைப்பைப் பிரித்து மறுபடி செய்தார். கணக்குகள் ஒழுங்குக்கு வந்தன.

இப்போது அந்த ஆய்வுக் கட்டுரையின் வரைவு ஆய்வகக் கதவில் தொங்குகிறது. ஆசிரியர்களாக ஐந்து பெயர்கள். அதில் ஒருவர் அந்த மாதம் முழுக்க விடுப்பில் இருந்தவர்! கடைசி வரியில், 'உதவியாளர்களுக்கு நன்றி.' பட்டியலில் பெயர் இருந்தால்தான் அக்கா நிரந்தர வேலைக்கு மனுப் போட முடியும்.

"உதவியாளர்களாம்! இங்க நான் ஒருத்திதான் இருக்கேன். மத்தவங்களைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க, வேலை கெடக்கு" என்று சிரித்தார்.

வரைவின் அருகே ஒரு பென்சில் கயிற்றில் கட்டியிருக்கிறது; திருத்தம் இருந்தால் மாதக் கடைசிக்குள் எழுதலாமாம். அதன் முனை மழுங்கியிருந்தது. அக்கா கூர்மையாகச் சீவித் தொங்கவிட்டுவிட்டுக் குடுவைக்குத் திரும்பினார்.

அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடும் ஆய்வாளர்களே, இதைப் படிக்கிறீர்கள் அல்லவா? பென்சிலை எடுங்கள். ஆறாவது பெயரை எழுதுங்கள்.