எதிர்க்கடை ரிலே

தெருவில் எல்லோரும் அவரைக் கூலிங்காரர் என்பார்கள். பத்தொன்பது வருடமாக ஊர் ஃப்ரிட்ஜ்களுக்கு உயிர் கொடுப்பவர். வீட்டு முன்னறைதான் கடை. பழைய கூட்டாளி நேர் எதிரே கண்ணாடிக் கதவு போட்டுத் தனிக்கடை திறந்ததிலிருந்து இவருக்கு வயிற்றில் அணையாத அடுப்பு. அங்கே யார் படியேறுகிறார்கள் என்று பார்க்காமல் ஒரு திருகு முடுக்க மாட்டார்.

அன்று வெளியே ஒரு மொட்டைமாடியில் ஏ.சி. மாட்டிக்கொண்டிருந்தார், போன் கீழே பையில் கிடந்தது. மதியம் வீடு திரும்பினால், வாசலில் கூட்டாளியின் செருப்பு! சமையலறைக்குள் அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அதுவும் விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் கப்பில்.

"பிளக் பாயின்ட்ல தண்ணி இறங்கி ஷார்ட் ஆயிடுச்சுங்க. படார்னு சத்தம், ஃப்ரிட்ஜ் நின்னுடுச்சு. உங்களுக்கு எட்டு தடவை போன் அடிச்சேன். சாயந்தரம் அஞ்சு மணிக்குப் பிறந்தநாள் கேக் கொடுக்கணும், க்ரீம் உருகுது. அதான் அண்ணனைக் கூப்பிட்டேன்" என்றாள் மனைவி. ஆர்டருக்குக் கேக் செய்வது அவள் தொழில்.

"பாயின்ட் மாத்திட்டேன் மச்சான். உள்ளே லைட் எரியுது, கம்ப்ரசர்தான் கிளம்பல. அதைக் கிளப்பிவிடற ரிலே போயிருக்கு. புதுசு ஒண்ணு ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்கேன்."

"கம்ப்ரசரே போயிருக்கும். நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு."

"சரி மச்சான். வரேன் தங்கச்சி."

தங்கச்சியாம்!

அவன் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரிட்ஜைத் திருப்பி, கம்ப்ரசரின் மூன்று பின்களிலும் மீட்டர் வைத்தார். கம்ப்ரசர் கெட்டிருக்க வேண்டும் என்று தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்கே கேடு நினைத்த மெக்கானிக் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். மூன்று அளவும் கச்சிதம். ரிலேயைக் கழற்றிக் காதருகே குலுக்கினார். உள்ளே உடைந்த சில்லு கலகலத்தது.

ஃப்ரிட்ஜ் மேலே புது ரிலே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். மாட்டினால் இரண்டு நிமிட வேலை. இவர் சட்டையை மாட்டினார்.

"எங்கே போறீங்க?"

"சாமான் வாங்க."

"அதான் இங்கேயே இருக்கே?"

"அது சரிப்படாது."

இரண்டு பஸ் மாறி மார்க்கெட் போய், வாங்கிய ரிலேயோடு திரும்பும்போது மணி நாலரை. அதே கம்பெனி, அதே அளவு, அதே உறை. மாட்டி, பிளக்கைச் செருகி ஸ்விட்சைத் தட்டினார். கம்ப்ரசர் உறுமியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவைத் திறந்தார். தட்டுகள் காலி.

"கேக் எங்கே?"

"அண்ணன் கடை ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். நீங்க வர்ற வரைக்கும் அது தாங்குமா?"

"இப்பதான் ஓடுதே, எடுத்துட்டு வா!"

"கூலிங் ஏற மூணு மணி நேரம் ஆகும்னு ஊருக்கெல்லாம் சொல்றது நீங்கதானே? கேக் வாங்க வர்றவங்களை நேரா அங்கேயே வரச் சொல்லிட்டேன்."

ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்க்கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கூட்டாளி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

கூலிங்காரர் செருப்புகூடப் போடாமல் தெருவில் பாய்ந்தார்.

"ஏங்க, எங்கே ஓடறீங்க?"

"கேக்கை நான் எடுத்துக் கொடுக்கறேன்டி. அவன் கை பட வேண்டாம்!"