நெயில் பாலிஷ் பூசிய பிரேக் ஷூ

இரண்டாயிரத்து ஆறு வாக்கில், சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் ஐந்து பேர் தங்கியிருந்தோம். எல்லோருமே தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. லைனில் வரும் பாகங்களில் கோளாறானதைப் பிடித்து, சிவப்பு பெயின்டால் ஒரு கோடு இழுத்துத் தனிப் பெட்டியில் போட வேண்டும். சிவப்பு பட்ட பாகத்தை யாரும் எந்த வண்டியிலும் மாட்ட மாட்டார்கள். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

என் பழைய ஸ்கூட்டரின் இன்ஜின் ஒருநாள் படுத்துவிட்டது. அந்த மாடலைத் தயாரிப்பதையே நிறுத்தியிருந்தார்கள். பாகம் பாகமாகக் கழற்றி விற்கச் சொன்ன மெக்கானிக், பின்சக்கரத்தை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூவை மட்டும் தூக்கிப் போடச் சொன்னார். அது எண்ணெய் குடித்துவிட்டதாம். பெட்ரோலில் கழுவி உப்புத்தாளால் தேய்த்தால் புதிது போல இருக்கும், ஆனால் ஓடிச் சூடானால் எண்ணெய் மறுபடி கசிந்து பிரேக் பிடிக்காது என்றார். என் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. அப்படியே கழுவித் தேய்த்து வைத்தேன்.

பிரவுசிங் சென்டர் அப்போது எங்களுக்குச் சொர்க்கம். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அங்கே இலவச விளம்பரத் தளம் ஒன்றில், 'பிரேக் ஷூ, நல்ல கண்டிஷன்' என்று ஒற்றை விரலால் தட்டிப் போட்டேன். இரண்டே நாளில் மணிமங்கலத்திலிருந்து ஒருவர் மெயில் அனுப்பினார். முன்பின் தெரியாத ஒருவர் கம்ப்யூட்டர் வழியாக என்னைத் தேடி வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் கூட்டுரோட்டில் சந்தித்தோம். அதே மாடல் ஸ்கூட்டரில், பின்னால் எட்டு மாதக் கர்ப்பிணி மனைவியோடு வந்திருந்தார்.

"மூணு மாசமா தேடிகினு கீறேன் தம்பி. சும்மா புதுசாட்டம் கீதே!" என்று ஷூவைத் தடவிப் பார்த்தார்.

"காலத் தேய்ச்சித்தான் வண்டிய நிறுத்துறாரு. மூணு ஜோடி செருப்பு காலி. வெள்ளிக்கிழமை தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வேற போவணும்" என்று அவர் மனைவி சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே பணத்தை வாங்கிப் பையில் வைத்தேன்.

மறுநாள் லைனில் ஒரு பாகத்தில் சிவப்புக் கோடு இழுக்கப் போனவன், அப்படியே நின்றுவிட்டேன். அந்த அக்காவின் சிரிப்புதான் கண்முன் நின்றது. அன்று மாலையே, அந்த ஷூவை மாட்ட வேண்டாம் என்று மெயில் போட்டேன். பதில் இல்லை. அவரும் என்னைப் போல வாரத்துக்கு ஒருமுறை மெயில் பார்ப்பவராக இருக்கும். போன் நம்பரும் வாங்கவில்லை. வியாழக்கிழமை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்தேன்.

மணிமங்கலத்தில் இறங்கி டீக்கடையில், காலைத் தேய்த்து ஸ்கூட்டரை நிறுத்துபவர் என்று ஆரம்பித்ததுமே சிரித்துக்கொண்டு வீட்டைக் காட்டினார்கள்.

அவர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வா தம்பி! மாட்டிட்டேன். தெருவுல ஒரு ரவுண்டு போனேன், கப்புன்னு நிக்கிது!" என்றார். எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்ததாக நினைத்துவிட்டார். அப்படியே தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உங்களிடம் மறைப்பானேன், நினைத்தேன்தான். அதற்குள் அக்கா தண்ணீர்ச் சொம்போடு வந்துவிட்டார்.

"அதப் போட்டு ஓட்டாதீங்கண்ணே. எண்ணெ குடிச்ச ஷூ. சூடானா பிடிக்காது. தெரிஞ்சுதான் வித்தேன்."

அவர் ஸ்பேனரை எடுத்துச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். நாலு அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. ஷூவை என் கையில் வைத்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிவப்பு பெயின்ட் இருக்கிறதா என்று கேட்டேன். கம்பெனி வழக்கத்தைத் திக்கித் திணறிச் சொன்னேன். அக்கா உள்ளே போய் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டிலோடு வந்தார்.

"இத்த பூசு. வேற எவனும் மாட்டிக்கக் கூடாது இல்ல?"

பூசும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நாளைக்கு பஸ்ஸுல போய்க்கிறோம். டீ குட்ச்சிட்டுப் போ" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது அந்த மாடி அறையும் இல்லை, பிரவுசிங் சென்டரும் இல்லை. ஐந்து பேரும் ஐந்து ஊரில் இருக்கிறோம். ஷூ மட்டும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. எத்தனையோ ஆயிரம் பாகங்களில் நான் சிவப்பு அடித்திருக்கிறேன். ஆனால் என்னுடைய தப்பின் மேல் நானே அடித்த முதல் சிவப்பு, அந்த அக்காவின் நெயில் பாலிஷ்தான்.